சான்பாடாவிலிருந்து லால்பாக் வரை: ஆலை நின்றபின் ஓர் ஊர்

நிலக்கரி தீர்ந்த ஊர்களும், தோண்டுவது கட்டுப்படியாகாமல் போன ஊர்களும் தங்கள் பழைய தொழிலை வெவ்வேறு விதமாகப் பேணி வைத்திருக்கின்றன. வேல்ஸ் நாட்டின் பிளைனாவோன் ஊரில் பிக் பிட் சுரங்கம் 1980-இல் மூடப்பட்டு, 1983-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. தீப்பெட்டியையும் கைக்கடிகாரத்தையும் கைபேசியையும் மேலேயே வாங்கி வைத்துக்கொண்டு, தலையில் விளக்கோடு 90 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். அழைத்துப் போகிறவர்கள் சுரங்கத்தில் பாடுபட்டவர்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் சோல்ஃபெராய்ன் சுரங்கம் 1986-இல் நின்றது. 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த வளாகத்தில், நிலக்கரி கழுவிய கட்டடமே இப்போது ரூர் வட்டாரத்தின் அருங்காட்சியகம். சுமத்ராவின் சாவாலுந்தோ 2019-இல் அதே பட்டியலில் இடம்பெற்றது. டச்சுக்காரர்கள் கைதிகளைச் சங்கிலியில் பிணைத்து அங்கே கரி வெட்ட வைத்தார்கள். அந்தக் கொடுமையையும் அந்த ஊர் மறைக்காமல் காட்டுகிறது.

தமிழர்களுக்கு மிக நெருங்கிய சுரங்க ஊர் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் போனவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகளும் தொழிலாளர் வரிசை வீடுகளும் மிஞ்சின. அடுத்த தலைமுறை விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறது. பிளைனாவோனில் சுரங்கம் வருமானம் தரும் நினைவாக மாறியது. தங்கவயலில் நினைவு வீடுகளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மும்பையில் சுரங்கம் இருந்ததில்லை. ஆனால் ஒரே தொழிலை நம்பி எழுந்து, அந்தத் தொழில் சாய்ந்ததும் என்ன செய்வதென்று திகைத்த ஒரு பெரும்பகுதி நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. பரேல், லால்பாக், காலாசௌக்கி, வர்ளி, சிவ்ரி ஆகிய இடங்கள் சேர்ந்த அந்தப் பகுதியை மராத்தியில் கிரண்காவ், அதாவது ஆலை ஊர், என்பார்கள். அதன் கிழக்கு விளிம்பை ஒட்டி ஓடுகிறது ஆர்பர் லைன் என்ற ரயில் தடம். நவி மும்பையின் சான்பாடாவில் ஏறி அந்தத் தடத்தில் போகிறவருக்கு மும்பையின் தொழில் வரலாறு ஏறக்குறைய பின்னோக்கி விரியும். முதலில் புதியது வரும், பிறகு ஓடிக்கொண்டிருப்பது, கடைசியில் ஓய்ந்துபோனது.

சான்பாடா ஆக்ரி, கோலி மக்களின் கிராமமாக இருந்த இடம். 1970-இல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் நவி மும்பையைத் திட்டமிட்டபோது அது ஒரு குடியிருப்புப் பகுதியாக மாறியது. அருகில் துர்பே, வாஷி மொத்தச் சந்தைகள், லோக்கல் ரயில்களுக்கான பணிமனை. வடக்கே தாணே-பேலாப்பூர் சாலையில் 1960-களில் எழுந்த இரசாயனத் தொழிற்பேட்டை. அங்கே பல ஆலைகள் நின்றுபோய், அந்த நிலங்களில் கண்ணாடி முகப்புள்ள மென்பொருள் வளாகங்கள் வந்துவிட்டன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே ஆன தொழிலுக்கும் இறந்தகாலம் உண்டு என்பதை அந்தச் சாலையில் யாரும் பேசிக் கேட்பதில்லை. ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாமல் அது கடந்து போகிறது.

வாஷி வரை ரயில் வந்தது 1992-இல். தாணே கழிமுகத்தின் மேல் பாலத்தைக் கடந்தால் மான்கூர்ட், கோவண்டி, பிறகு செம்பூர். செம்பூர் ஸ்டேஷனில் தமிழ் காதில் விழாத நேரம் குறைவு. அதன் தெற்கே டிராம்பே, மாகுல் பக்கத்தில் 1950-களின் நடுவில் எழுந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1956 முதல் இயங்கும் டாடா அனல் மின்நிலையமும் இருக்கின்றன. மின்நிலையத்தில் இன்றும் நிலக்கரி எரிகிறது. அந்தப் புகையையும் வாடையையும் பற்றி மாகுல் மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். இங்கே தொழில் இன்னும் நினைவாகவில்லை, மூச்சுக்காற்றில் இருக்கிறது.

குர்லா வந்ததும் பழைய பம்பாய் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-இல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து இந்த ஆர்பர் தடம் வழியாகக் குர்லாவுக்குத்தான் ஓடியது. அடுத்த ஸ்டேஷனான சுன்னாபட்டியின் அருகில் சுவதேசி மில். ஜாம்ஷெட்ஜி டாடா 1886-இல், சுவதேசி இயக்கம் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பெயரில் வாங்கி நடத்திய ஆலை அது. 2000-இல் நின்றது. தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய பாக்கிக்கும் நிலத்துக்குமான வழக்குகள் ஆலை நின்ற பிறகும் நெடுங்காலம் நடந்தன.

வடாலாவைத் தாண்டினால் துறைமுக நிலம். சிவ்ரியின் சேற்றுவெளியில் குளிர்காலத்தில் பூநாரைகள் கூடுகின்றன. அவற்றின் மேலே 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது கடலுக்குள் நீள்கிறது. அடுத்து காட்டன் கிரீன். கொலாபாவில் நடந்த பஞ்சு வியாபாரத்தைத் துறைமுக நிர்வாகம் 1920-களில் கடலைத் தூர்த்த இந்த நிலத்துக்கு மாற்றியது. கிடங்கு வரிசைகளும் பஞ்சுச் சந்தைக் கட்டடமும் இன்னும் நிற்கின்றன. அதற்கு அடுத்த ரே ரோடு ஸ்டேஷனை ஒட்டிய கரையில் கோல் பந்தர் என்ற பெயரே கரி இறங்கிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சும் கரியும் கரையில், அருகில் ஆலைகள். கிரண்காவ் எதை நம்பி ஓடியது என்பதற்கு இந்த இரண்டு ஸ்டேஷன்களே விடை.

பம்பாயின் முதல் பஞ்சாலையைக் காவாஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் தொடங்கினார். தார்தேவில் இருந்த அந்த ஆலை 1856-இல் நூல் நூற்றது. அடுத்த எழுபது ஆண்டுகளில் ஆலைகள் எண்பதைத் தாண்டின. நீராவி இயந்திரங்களுக்கான கரி கப்பலில் வந்தது, பிரிட்டனிலிருந்தும் பிறகு வங்காளத்திலிருந்தும். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு கொதிகலன், ஒரு உயர்ந்த புகைபோக்கி. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரைத் தேக்கிக் கோபோலியில் டாடா நிறுவனம் எடுத்த மின்சாரம் 1915-இல் பரேலுக்கு வந்த பிறகுதான் ஆலைகள் படிப்படியாகக் கரியைக் கைவிட்டன. இன்று வானத்தில் தெரியும் மிச்சப் புகைபோக்கிகள் அந்தக் கரிக்காலத்தின் செங்கல் எச்சங்கள்.

ஆலைகளுக்கு ஆள் வந்தது ரத்னகிரி, சிந்துதுர்க், சாத்தாரா, சாங்லி பக்கமிருந்து. ஆண்கள் பெரும்பாலும் தனியாக வந்தார்கள். சால் எனப்படும் ஒற்றை அறை வரிசைக் கட்டடங்களில் ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேர் ஷிப்டு முறையில் தூங்கினார்கள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனதும் வேலை முடித்தவன் அதே இடத்தில் படுப்பான். கானாவல் என்ற வீட்டுமுறைச் சாப்பாட்டுக் கடைகளைப் பெண்கள் நடத்தினார்கள். கடனில் மூழ்கிய அந்தப் பெண்களைத் திரட்டி 1975-இல் பிரேமா புராவ் தொடங்கியது அன்னபூர்ணா மகளிர் மண்டல். ஆலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தறியையும் கதிரையும் எண்ணுகிற அளவுக்கு இந்த அடுப்புகளை எண்ணுவதில்லை. ஆனால் அந்த அடுப்புகள் இல்லாமல் ஒரு ஷிப்டுகூட ஓடியிருக்காது.

இந்த ஊர் வேலையை மட்டுமல்ல, ஓய்வையும் போராடிப் பெற்றது. நாராயண் மேகாஜி லோகாண்டேயின் முயற்சியால் 1890 ஜூன் 10-இல் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1908 ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது ஆலைகள் ஆறு நாள் நின்றன. அதே ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் நடத்திய வ.உ.சி.க்கும் அதே ஜூலையில்தான் தண்டனை விதிக்கப்பட்டது. 1928-இல் ஆறு மாதம் நீடித்த வேலைநிறுத்தத்திலிருந்து கிர்ணி காம்கார் சங்கம் பேருருவெடுத்தது. 1930 டிசம்பர் 12-இல் அந்நியத் துணி ஏற்றிய லாரியை மறித்து உயிர்விட்ட பாபு கேனு ஓர் ஆலைத் தொழிலாளி. ஆலை ஊரின் பேச்சைக் கவிதைக்குக் கொண்டுவந்த நாராயண் சுர்வே ஆலையில் வேலை பார்த்தவர்.

1982 ஜனவரி 18-இல் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. தங்கள் விருப்பத்துக்கு மாறாக ஒரே சங்கத்துக்கு மட்டும் பேரம் பேசும் உரிமை தந்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றவேண்டும் என்பது இன்னொன்று. நிரந்தர வேலை இல்லாமல் தினமும் வாசலில் காத்திருந்த பதலி ஆட்களும் அதில் இருந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் முறையாக முடித்துவைக்கப்படவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் நீண்டு கரைந்துபோனது. பலர் கொங்கணத்துக்குத் திரும்பினார்கள், பலர் கிடைத்த வேலைக்குப் போனார்கள். ஆலைகள் சில மீண்டும் ஓடி, ஒவ்வொன்றாக நின்றன. சாமந்த் 1997 ஜனவரி 16-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கரி ஊருக்கும் ஆலை ஊருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த இடத்தில் தொடங்குகிறது. சுரங்கம் மூடினால் நிலத்தின் விலை விழும். சோல்ஃபெராய்னைக் காப்பாற்ற முடிந்ததற்கு அங்கே நிலத்துக்கு அடிதடி இல்லாததும் ஒரு காரணம். மும்பையில் ஆலை மூடியதும் நிலத்தின் விலை ஏறியது. ஏறத்தாழ 600 ஏக்கர், நகரத்தின் நட்டநடுவில். துணி நெய்வதைவிட நிலத்தை விற்பது பல மடங்கு இலாபம் என்றான பிறகு ஆலையை ஓட்ட யாருக்கு மனம் வரும்?

1991-இல் வந்த நகர வளர்ச்சி விதி எண் 58 ஒரு நியாயமான கணக்கைப் போட்டது. ஆலை நிலத்தைப் புதிதாகக் கட்ட எடுத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்காவுக்கும் பொது இடத்துக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், மீதி உரிமையாளருக்கும். 2001-இல் விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றானது. ஆலை என்றாலே கட்டடம்தான், காலி இடம் சொற்பம். பொதுப் பங்கு சுருங்கிப்போனது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-இல் திருத்தத்தின் பலனை உரிமையாளர்களுக்கு மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2006 மார்ச்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கிரண்காவின் இன்றைய உருவத்தைத் தீர்மானித்தது வேலைநிறுத்தம் மட்டுமல்ல, இந்த ஒற்றைத் திருத்தமும்தான். பழைய விதி அப்படியே நின்றிருந்தால் கிரண்காவில் இருநூறு ஏக்கருக்கு நிழல் இருந்திருக்கும் என்று எண்ணாமல் அந்த வீதிகளில் நடக்க முடியாது.

கிரண்காவின் மேற்குப் பகுதியில் உள்ள லோயர் பரேல் ஸ்டேஷனில் இறங்கினால் பலன் தெரியும். ஃபீனிக்ஸ் மில் நாட்டின் பேர்பெற்ற வணிக வளாகமாகிவிட்டது. கடைகளுக்கு நடுவே அதன் புகைபோக்கி கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. சீனிவாஸ் மில் நிலத்தில் வானளாவிய கோபுர வீடுகள். கமலா மில் வளாகத்தில் அலுவலகங்களும் உணவகங்களும். 2017 டிசம்பர் 29 நள்ளிரவில் அங்கே மாடி உணவகங்களில் பற்றிய தீயில் 14 பேர் இறந்தார்கள். பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன: மதுராதாஸ் மில், தோடி மில், ரகுவன்ஷி மில் என்றே டாக்சிக்காரர்களிடம் வழி சொல்கிறார்கள். புகைபோக்கியை வைத்துக்கொண்டு, அதன் கீழ் வேர்த்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட எழுதாத இந்த முறை பாதுகாப்பு என்ற பெயருக்கு உரியதாகத் தெரியவில்லை.

மாநகராட்சியும் எதையும் செய்யாமல் இல்லை. காட்டன் கிரீன் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், காலாசௌக்கியில், இந்தியா யுனைடெட் மில்லின் 2, 3 எண் ஆலைகள் இருந்த வளாகம் ஜவுளி அருங்காட்சியகத்துக்கென ஒதுக்கப்பட்டது. ஆலைக்குத் தண்ணீர் தந்த குளத்தைச் சுற்றி முதல் கட்டப் பணி திட்டமிடப்பட்டது. வேலை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போயிற்று. தாதர் கடற்கரையில் இந்து மில் என்று அறியப்பட்ட, அதே நிறுவனத்தின் 6-ஆம் எண் ஆலை அம்பேத்கர் நினைவகத்துக்குத் தரப்பட்டது. அது தலித் அமைப்புகள் நெடுங்காலம் போராடிப் பெற்ற நிலம். கிரண்காவில் ஓர் ஆலை நிலம் முழுதாகப் பொது நினைவுக்குப் போன பெரிய நிகழ்வு அதுதான்.

ஆனால் ஆலை ஊரின் உண்மையான ஆவணக் கிடங்கு பழைய தொழிலாளர்களின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பொது வீட்டுவசதிக்கு வந்த பங்கில் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வாரிசுகளுக்கும் வீடு தர அரசு ஒப்புக்கொண்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். வேலை பார்த்ததை நிரூபிக்க ஆலை அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வைப்புநிதிக் கணக்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை, விடுப்புப் பதிவு என்று ஏதாவது காட்டவேண்டும். முப்பது ஆண்டு பழைய காகிதங்கள் கொங்கணத்து வீடுகளின் பரணிலிருந்து இறங்கின. எந்த இலாகாவில், எந்த ஷிப்டில், எந்த டிக்கெட் எண்ணில் வேலை பார்த்தார் என்பதெல்லாம் மறுபடியும் சொல்லப்பட்டது, எழுதப்பட்டது, சரிபார்க்கப்பட்டது. எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு பேரிடம் இவ்வளவு நுணுக்கமாகக் கதை கேட்டதில்லை.

2012 ஜூனில் நடந்த முதல் குலுக்கலில் 6,925 வீடுகள். ஒவ்வொன்றும் 225 சதுர அடி. 2016-இல் பன்வெல் அருகே கோன் என்ற இடத்தில் இரண்டாயிரத்து நானூறுக்கு மேல். 2020 மார்ச்சில் பாம்பே டையிங், சீனிவாஸ் மில் நிலங்களில் 3,894. விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கைக்கு முன் இவை மிகக் குறைவு. அடுத்து ஷேலு, வாங்கணி என்று கர்ஜத் தடத்துத் தொலைவில் வீடு தரும் யோசனை வந்தபோது தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்தன. வேலை பார்த்த நிலத்திலேயே, மும்பைக்குள்ளேயே வீடு வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. வெறும் சதுர அடிக் கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. நினைவிடம் கேட்கிறவர்கள் இடத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

லால்பாகில் நினைவு இன்னொரு வடிவில் உயிரோடு இருக்கிறது. 1928-இல் தொடங்கிய கணேஷ் கல்லி விழாவும், 1934-இல் மீனவர்களும் வியாபாரிகளும் தங்கள் சந்தைக்காக வேண்டிக்கொண்டு வைத்த லால்பாக் ராஜாவும் ஆலைக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களில் வளர்ந்தவை. ஆலைகள் போனபின்னும் விழாக்கள் பெருத்தன. மராத்திப் படம் ஓட்டும் பாரத் மாதா தியேட்டர் ஆலை நிலத்தில் இருந்தது, அதைக் காக்க ஊர் குரல் கொடுத்தது. நீரா ஆடார்கரும் மீனா மேனனும் தொழிலாளர்களின் வாய்மொழியைத் தொகுத்து 2004-இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்த ஊருக்குக் கிடைத்த ஆகச் சிறந்த நினைவகம் எனலாம். சென்னையின் பின்னி ஆலைகளுக்கு இத்தனை விரிவான ஒரு தொகுப்பு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான்.

மும்பைத் தமிழரின் தொழில் நினைவைத் தேடுகிறவர் கிரண்காவில் நின்றுவிடக் கூடாது. மாதுங்காவின் கோயில்களும் காப்பிக்கடைகளும் அலுவலகத்துக்குப் போனவர்களின் வரலாறு. தாராவிதான் உழைப்பின் வரலாறு. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தோல் பதனிடும் ஷாப்புகளைத் தொடங்கினார்கள். அவற்றில் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அதே சீமையின் ஆதிதிராவிடர்கள். ஆதிதிராவிட மகாஜன சங்கத்தின் பிள்ளையார் கோயில் 1913-ஐச் சேர்ந்தது. 1924-இல் தமிழ்ப் பள்ளி வந்தது. பதனிடும் ஷாப்புகள் 1980-களுக்குப் பிறகு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டன. இப்போது பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்து தாராவியில் பையாகவும் பெல்ட்டாகவும் தைக்கப்படுகிறது.

2016-இல் தாராவிக் கைவினைஞர்களின் பொருட்களைத் தள்ளுவண்டி அளவில் தெருத்தெருவாகக் கொண்டுபோன டிசைன் மியூசியம் தாராவி என்ற முயற்சி சில காலம் நடந்தது. மற்றபடி தோல் ஷாப்புகளுக்கென்று ஓர் அறைகூட இல்லை. 2022-இல் ஏலம் முடிந்த மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததாகக் காட்டக்கூடிய குடும்பங்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறிடம். கிரண்காவின் தொழிலாளியிடம் அரசு கேட்டது வேலை பார்த்ததற்கான சான்று. தாராவிக்காரரிடம் கேட்பது குடியிருந்ததற்கான சான்று. மூன்று தலைமுறை தோலில் பாடுபட்டதற்கு எந்தக் காகிதமும் கேட்கப்படவில்லை, அப்படி ஒரு காகிதத்தை அந்த ஷாப்புகள் பெரும்பாலும் கொடுத்ததும் இல்லை. அதனால் தாராவியின் தொழில் வரலாறு இப்போதைக்குப் பெரும்பாலும் முதியவர்களின் பேச்சில் இருக்கிறது. அதைப் பதிவுசெய்யத் தமிழ் அமைப்புகளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.